மரியம்மா எடுத்த காலடி

மரியம்மாவின் கடைச் சுவரில் அறுபத்திரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஆள் இல்லை, கால் மட்டும். சிமெண்ட் பையைக் கிழித்த பழுப்புத் தாளில் நீலமாகப் பதிந்த பாதங்கள், ஜோடி ஜோடியாகக் கயிற்றில் தொங்கின. பிற்பகலில் ஏரிக்காற்று பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குள் நுழையும்போது தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பித் தாழும். தெருவில் போகிறவர்களுக்கு, சுவர் முழுக்க யாரோ நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருப்பதுபோல் இருக்கும்.

"யக்கோவ், உன் கடைய பாத்தாலே வவுத்த கலக்குது," என்பாள் எதிர்வாடையில் மீன் வெட்டித் தரும் மஞ்சு. "ஏரியில மெதந்தவன் காலாட்டம் நீலமா கீது. வேற கலரே கெடைக்கலியா ஒனக்கு?"

"வெறும் தண்ணி காஞ்சா அழிஞ்சிடுதுடி. இது நிக்கும். துணிக்குப் போட்ற நீலந்தான். உன் புருசன் வேட்டியிலயும் அதான் கீது."

"அவன் வேட்டியில வெள்ள எங்க கீது, நீலம் போட்றதுக்கு?"

மரியம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. பதினெட்டு வயதில் கம்பெனி பஸ்ஸில் ஏறியவள், ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு ஆண்டு செக்கிங் பிரிவில் நின்றாள். தைத்து வரும் ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கையை விட்டு, ஆணி, ஊசி, நூல்முடிச்சு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பதுதான் வேலை. எந்த நாட்டிலோ எவர் காலிலோ ஒரு சிறு முனை குத்திவிடக் கூடாது என்பதற்காக அவள் விரல் நுனியில் எத்தனையோ முறை ரத்தம் வந்திருக்கிறது. அந்த ரத்தத்தைச் செக்கிங் செய்ய யாரும் இல்லை. ஒரு திங்கட்கிழமை பஸ் வரவில்லை. கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது என்று செவ்வாய்க்கிழமை தெரிந்தது. புருஷன் அதற்கு முன்பே போயிருந்தான். அவன் எங்கே போனான் என்று அவள் விசாரிக்கவில்லை.

கம்பெனிகள் கழித்துப் போட்ட ஷூக்களை மொத்தமாக எடுத்து வந்து கடை வைத்தாள். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் ஓடிப் பழகும் பிள்ளைகள் சுற்றுப்பட்டுக் குப்பங்களில் ஏராளம். பாதிப் பேருக்குக் கால் நகம் கறுத்திருக்கும். முழங்காலுக்குக் கீழே வலி என்பார்கள். சேற்றில் ஊன்றியும் படகு விளிம்பைப் பற்றியும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விசிறிபோல் விரியும். கம்பெனி அச்சோ வேறு எவனோ ஒருவனின் ஒல்லிக் காலைப் பார்த்துச் செய்தது. "உங்க காலு தப்பில்ல. அச்சு தப்பு," என்பாள் மரியம்மா. ஐந்து வார்த்தைதான். ஆனால் தங்கள் உடம்பில் எதுவும் தப்பில்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. சாயங்காலம் வரச் சொல்வாள், நாள் முழுக்க நடந்த கால் அப்போதுதான் தன் முழு அளவுக்கு வீங்கியிருக்கும். பழைய ஷூவைத் திருப்பி அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு நீலத் தண்ணீர்த் தட்டில் காலை நனைத்துத் தாளில் நிற்க வைப்பாள். நடுப்பாதம் முழுக்கப் பதிந்தால் தட்டைக் கால். குதிகாலும் முன்பாதமும் தனித்தனித் தீவாக நின்றால் வளைந்த கால். ஒன்றுக்குக் கெட்டியான அடி, மற்றதற்கு மெத்தென்ற அடி. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. தாளில் பெயரையும் தேதியையும் எழுதி மாட்டிவிடுவாள்.

ஏரிக்கரையில் இந்த ஒன்றைத்தான் செய்யக் கூடாது. காலடி மண்ணை எடுத்துச் சூனியம் வைப்பார்கள் என்ற பயம் அங்கே தாய்ப்பாலோடு ஊட்டப்படுகிறது. சண்டை போட்ட வீட்டு வாசலைத் தாண்டினால் பெண்கள் தங்கள் தடத்தைக் குதிகாலால் கலைத்துவிட்டுப் போவார்கள். காலடி மண்ணை எடுத்து ஒருவனை வீழ்த்த முடியுமென்றால், இந்த ஏரியில் ஆலைக் கழிவு நஞ்சைக் கலப்பவர்களில் ஒருவனாவது இதுவரை படுத்திருக்க வேண்டாமா? அவர்கள் எல்லாரும் நல்ல ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

தை மாதம் நிவேதா வந்தாள். தோணிரேவுக்கு அப்பால் ஒரு குப்பம். வயது இருபத்து மூன்று. அப்பா இல்லை; அம்மா திரௌபதி ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, கையால் துழாவி இறால் பிடிப்பவள். சென்ற போலீஸ் தேர்வில் நிவேதா ஓட்டத்தில் நான்கு நொடி பிந்திப் போனாள். அடுத்த தேர்வை விட்டால் வீட்டில் கல்யாணம்தான்.

"அம்மாவுக்கு சொல்லாதீங்கக்கா," என்று சொல்லிக்கொண்டே தாளில் ஏறி நின்றாள். பத்து விரலும் பூப்போல விழுந்தன. அகன்ற முன்பக்கம் உள்ள ஷூ ஒன்றை வாங்கிப் போனாள்.

மாசியில் திரும்பி வந்தாள். இடது ஷூ தளர்ந்துவிட்டது என்றாள். மரியம்மா மறுபடி கால் பதித்துப் பார்த்தாள். வலது கால் பழையபடியே இருந்தது. இடது காலில் சுண்டுவிரலைக் காணோம், மற்ற விரல்கள் மங்கியிருந்தன. நீலம் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பங்குனியில் நிவேதா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"ஷூ செம்மக்கா! இடது கால்ல போட்டா மாதிரியே இல்ல. காத்துல ஓட்ற மாதிரி கீது."

"குந்து. கழட்டு, பாக்கலாம்."

இடது காலுறை கறுப்பாக இருந்தது. நிவேதா அதை உரித்தாள். கறுப்பு அவள் கையில் சிவப்பாக ஒட்டியது. மரியம்மா கம்பெனிப் பழக்கத்தில் ஷூவுக்குள் கையை விட்டாள். "ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள். சீமைக்கருவேல முள், அடியைத் துளைத்து ஒரு விரற்கடை உள்ளே நீண்டிருந்தது.

"எங்கேந்து ஓடியாந்த?"

"வூட்லேந்து. மூணு கிலோமீட்டரு."

"வலிக்கலியா?"

நிவேதா தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். முள் போன ஓட்டை வாய் திறந்திருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மரியம்மா காயத்தைக் கழுவினாள். "அந்தப் பக்கம் பாரு. நான் பென்சிலால தொட்டா சொல்லு."

நிவேதா தெருவைப் பார்த்தாள். மஞ்சுவின் கத்தி கட்டையில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தொடுங்கக்கா."

பென்சில் முனை உள்ளங்காலில் பள்ளம் விழும்படி ஏற்கெனவே அழுந்தியிருந்தது.

"யக்கா, இன்னும் தொடலியா?"

மரியம்மா பென்சிலை எடுத்தாள். காயத்தில் துணி சுற்றி, நீலம் தொட்டு மூன்றாவது தாள் எடுத்தாள். குதிகால் விழுந்தது. முன்பாதம் விழுந்தது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளிகள். மூன்று மாதத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கொஞ்சம் கொஞ்சமாகக் காலை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் இருந்தது.

நிவேதா மூன்றையும் பார்த்தாள். "யக்கா," என்றாள், மெதுவாக. "என் காலு எங்கக்கா போவுது?"

மரியம்மாவுக்கு, இதற்கு ஒரு பதில் இருக்கும் என்பது தெரியும். கம்பெனியில் ஒரு ஷூ கோணலாக வந்தால் அதற்குப் பேய் காரணமில்லை. முந்தைய மேசையில் எவர் கையோ, எந்த மெஷினோ காரணம். பாதத்தை விட்டுவிட்டு மேலே தேடினாள். பேண்ட்டை முழங்கால் வரை ஏற்றினாள். ஆடுசதையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு, முடியில்லாமல், வறண்டு.

மறுநாள் இருவரும் பஸ் பிடித்துப் பொன்னேரிக்குப் போனார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டைப் பஞ்சால் தொட்டார், கணுக்கால் பக்கம் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார், சுருட்டிக் கொண்டுபோயிருந்த மூன்று தாள்களையும் விரித்து நெடுநேரம் பார்த்தார்.

"இத யாரு எடுத்தது?"

"நான்தான். ஷூவுக்கு."

"நல்ல காரியம் பண்ணீங்க." பிறகு நிவேதாவின் பக்கம் திரும்பி நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய். சாதாரணக் கிருமிதான், நரம்பைத் தின்னும்; நரம்பு செத்த விரல் தரையில் ஊன்றாது, அதனால்தான் தாளில் விழவில்லை. ஆறு மாதம் மாத்திரை, காசு கிடையாது. மாத்திரை தொடங்கிவிட்டால் யாருக்கும் ஒட்டாது. சீக்கிரம் வந்ததால் நரம்பு ஓரளவு திரும்பலாம். விட்டால் விரல் ஒரேயடியாக மடங்கும், புண் வரும், கால் போகும். புண் ஆறியதும் ஓடலாம். ஆனால் வலி சொல்ல வேண்டியதை இனி கண்தான் சொல்ல வேண்டும்.

நிவேதா அந்தப் பெயருக்கு அழவில்லை. "புண்ணு எப்ப ஆறும்?" என்றுதான் கேட்டாள்.

மூன்றாம் நாள் திரௌபதி கடைக்கு வந்தாள். ஏரியிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவை இடுப்புவரை நனைந்து சேறு சொட்டியது. மகளின் உள்ளங்காலில் நீலத்தைப் பார்த்திருக்கிறாள். பையில் மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறாள். அதட்டியதில் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"மாத்திரைய ஏரியில வுட்டெறிஞ்சிட்டேன்," என்றாள். "அந்தப் பேர ஒரு தபா, ஒரே ஒரு தபா நீ வெளிய சொன்னேன்னு வெச்சிக்க..."

"பேரு இன்னா பண்ணும் திரௌபதி? மாத்திரை போட்டா போயிடும்."

"கால்ல நோவு போவும். பேரு போவுமா? எங்கம்மா கூடப் பொறந்தவள ஊரு ஓரத்துல குடிச போட்டு குந்த வெச்சாங்க. சோத்த கழியில கட்டி நீட்னாங்க. நான் பாத்தேன்." திரௌபதி மூச்சு வாங்கினாள். "சூனியம்னா நாலு பேரு பாவம்னு சொல்வான். ஊருல அப்பிடித்தான் சொல்லிக்கீறேன். நீ வெச்சேன்னு. மன்னிச்சிக்க."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே வாசலில் தன் தடத்தைக் கலைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே குப்பம் திரண்டு வந்தது. முன்னால் ஊர்த் தலைவர் தேசப்பன், மடிப்புக் கலையாத வேட்டியில். பின்னால் திரௌபதி, அவள் கைப்பிடியில் நிவேதா. மஞ்சு கத்தியைக் கீழே வைக்காமலே எழுந்து வந்து எல்லாருக்கும் முன்னால் கத்தினாள்: "நான் அப்பவே சொன்னேன்! செத்தவன் காலு, செத்தவன் காலுன்னு சொன்னேன்!"

தாள்களை எடுக்கச் சொன்னார் தேசப்பன். யாரும் கையால் தொடவில்லை. படகு தள்ளும் கழியால் கயிற்றை அறுத்துத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். அறுபத்திரண்டு பேரின் கால்கள் சுருண்டு, ஒரு கணம் விரல்களை மடக்கி, கருகின. கூட்டத்தில் ஒவ்வொருவனும் தன் காலை நெருப்பில் தேடினான். தன்னுடையது எரியும்போது உள்ளங்கால் சுட்டதென்று பிறகு மூன்று பேர் சத்தியம் செய்தார்கள்.

"இந்தாம்மே," என்றார் தேசப்பன். "ஒரே பேச்சு. அந்தப் பொண்ணு கால நீ எடுத்தியா, இல்லியா?"

"இல்ல" என்ற சொல் அவள் நாக்கில்தான் இருந்தது. பதினாறு வருடம் ஆணியை ஆணி என்றும் நூலை நூல் என்றும் சொன்ன வாய்.

தேசப்பன் விடவில்லை. "இல்லேன்னா அவளுக்கு இன்னா? மூணு கிலோமீட்டரு முள்ளோட ஓடியிருக்குது, தெரியல. அது இன்னா நோவு? சொல்லு."

நிவேதா தலை குனிந்திருந்தாள். திரௌபதி மரியம்மாவையே பார்த்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. மரியம்மாவின் தலைக்குள் கணக்கு ஓடியது. பேரைச் சொன்னால் ஊர் ஓரத்தில் குடிசை. சொல்லாவிட்டால் மாத்திரை ஏரியில். எப்படிப் பார்த்தாலும் கால் போகிறது.

"ஆமா," என்றாள். "நான்தான் எடுத்தேன்."

கூட்டம் ஒரே ஆளைப்போல் ஓர் அடி பின்னால் போனது.

"திருப்பிக் குடுத்துட்றேன். ஆனா ஒரே நாள்ல முடியாது. ஆறு மாசம் ஆவும். மாசத்துக்கு ஒருக்கா பொண்ணு என்கூட வரணும். எங்க போறோம்னு எவனும் கேக்கக் கூடாது. நான் குடுக்கறத தெனம் முழுங்கணும். நடுவுல எவன்னா தடுத்தீங்க..." அவள் எரிந்துகொண்டிருந்த குவியலைக் காட்டினாள். "உங்க காலுங்கோ எல்லாம் எங்கிட்டதான் கீது."

தேசப்பன் வேட்டி நுனியைத் தூக்கிக்கொண்டு நெருப்பிலிருந்து விலகினார். மரியம்மாவுக்குத் தன் குரலைக் கேட்டே பயம் வந்தது. திரௌபதி மட்டும், யாரும் பார்க்காதபோது, மகளின் கையை விட்டாள்.

அன்றிலிருந்து ஊர் அவளுக்குக் கீழ்ப்படிந்தது. அதைவிடக் கொடுமை வேறில்லை. ஷூ வாங்க ஒருவரும் வரவில்லை. ஆனால் கடை வாசலில் காலையில் எலுமிச்சம்பழம் இருக்கும், சில நாள் நல்ல இறால் ஒரு கூறு. வைத்தவர் யாரென்று தெரியாது. தெருவில் அவள் வந்தால் பேச்சு அறுந்துபோகும். பொன்னேரி பஸ்ஸில் அவளும் நிவேதாவும் உட்கார்ந்தால் முன்னால் இரண்டு வரிசை, பின்னால் இரண்டு வரிசை காலியாகிவிடும். நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட உட்கார மாட்டார்கள். காலி இருக்கைகள் நடுவே, யாரோ கண்ணுக்குத் தெரியாதவர்களோடு பயணம் போவதுபோல், இருவரும் போய் வருவார்கள்.

மாதம் ஒரு அட்டை. டாக்டரம்மா எதிரிலேயே முதல் மாத்திரை. புண் ஆறியது. பழைய ஷூவை எறிந்துவிட்டு மரியம்மா தானே ஒன்றைத் தேடி எடுத்தாள்: இடதுக்கு அரை அளவு பெரியது, உள்ளே மெத்தென்ற ரப்பர், அடி முள் ஏறாத கெட்டி. ஓடுமுன் கையால் துழாவு, ஓடிய பின் கண்ணாடி வைத்துப் பார் என்றாள். ஆனியில் முன்பாதத்தில் லேசாகக் கூசியது. விரல்கள் மட்டும் திரும்பவில்லை. ஆடியில் ஏரிக்கரைத் திடலில் மரியம்மா போனில் நொடி பார்த்துக்கொண்டு நிற்க, நிவேதா ஓடினாள். கெடுவுக்கு இரண்டு நொடி முன்னால் வந்து சேர்ந்தாள்.

ஆவணியில் ஒரு நண்பகல் தேசப்பன் தனியாக வந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் ஏறினார். மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"அம்மா," என்றார். அதுவரை அவர் அவளை அப்படி அழைத்ததில்லை. "முத்துராஜு காலடி. படகுலேந்து எறங்கனதும் எடுத்தது, ஈரங்கூட காயல. தலைவர் பதவிக்கு என்னிய எதுத்து நிக்கறான். சாவடிக்க வேணாம். நமக்கு அந்தப் பாவம் வேணாம். படுத்தா போதும்."

துணியில் ஈரம் ஊறி மேசையில் பரவியது. அன்றைக்குத் தெருவில் நெருப்பு மூட்டிய கை இது. சூனியம் தப்பு என்றல்ல, அது தன் கையில் இல்லை என்றுதான் அன்று இவருக்குக் கோபம். மரியம்மா முடிச்சைத் தொடவில்லை. முடியாது என்றால், அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தாய் என்ற கேள்வி வரும். முடியும் என்றால், நாளைக்கு இந்த மேசையில் பத்து முடிச்சுகள் இருக்கும்.

உள்ளே பெஞ்சில் கடைசி மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருந்த நிவேதா எழுந்து வந்தாள்.

"தலைவரே, அக்காவுக்கு சூனியமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஷூ தெரியும்."

"நீ சின்னப் பொண்ணு, சும்மா இரு."

"எனக்கு வந்தது தொழுநோய்."

மரியம்மா அவள் கையைப் பிடித்தாள். அவள் விடுவித்துக்கொண்டாள். தெருவுக்கே கேட்கும்படி, ஓடும் முன் மூச்சை இழுப்பதுபோல் இழுத்துச் சொன்னாள்: "தொழுநோய்! அஞ்சு அட்ட முட்ச்சிட்டேன். இது ஆறாவது. கெவுர்மெண்டு குடுக்குது. இதான் உங்க சூனியத்த எடுத்தது. எங்க குந்த வெக்கணுமோ வெச்சிக்கோங்க. நான் அங்கேந்து ஓடிப் பழவிக்கறேன்."

தேசப்பன் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது அருவருப்பு. ஆனால் அதற்கும் முன்னால், ஒரு நொடி, ஏமாற்றம் வந்ததை மரியம்மா கண்டாள். முடிச்சை மடியில் சொருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

எதிரில் கத்திச் சத்தம் நின்றிருந்தது. மஞ்சு தெருவைத் தாண்டி வந்தாள். வாசற்படியில் நின்றாள். கையில் மீன் செதில்கள் மின்னின.

"யக்கா," என்றாள். அவள் அவ்வளவு சன்னமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

இடது கையை நீட்டினாள். சுண்டுவிரலிலும் அதற்கடுத்த விரலிலும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுத் தழும்புகள். சில பழையவை. ஒன்று அன்று காலையில் பட்டது, வாய் திறந்து, மீன் ரத்தமும் தன் ரத்தமும் கலந்து கிடந்தது. அதை அவள் இன்னும் கவனிக்கவே இல்லை.

"கத்தி பட்டா தெரிய மாட்டேங்குது. கட்டையில செவப்பா பாத்தாதான் தெரியுது."

"எத்தினி நாளா?"

"மூணு வருசம். நாத்தனா வெச்ச சூனியம்னு நெனச்சினு கீறேன்."

மரியம்மா ஒரு துணியைக் கிழித்து அந்த விரலைச் சுற்றிக் கட்டினாள். பிறகு பொன்னேரி பஸ்ஸுக்குக் கிளம்ப, கடைச் சாவியை எடுத்தாள்.